அஞ்சாம் நம்பர் பச்சை

கூட்டுறவுச் சங்கத்தின் தலைவருக்கு எதையாவது திறந்து வைக்காவிட்டால் வாரம் ஓடாது. திறக்க ஒன்றும் அகப்படாத வாரத்தில், முன்பே திறந்திருந்த கட்டடத்தின் கதவைச் சாத்திவிட்டு மறுபடி ரிப்பன் கட்டுவார். அவரிடம் இன்னொரு குணமும் உண்டு. மைக்கில் சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டார். வீட்டில் சொன்னதைத் திண்ணையைத் தாண்டும் முன்பே மறந்துவிடுவார்; மைக்கில் சொன்னால் அது கல்லில் வெட்டியது. அப்படிப்பட்டவர் கையில் இலை வண்ண அட்டை வந்து சேர்ந்தது ஊரின் கெட்ட நேரம்.

அட்டை என்னவோ சாதாரண அட்டைதான். கையகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதில் வெளிர் பச்சையில் தொடங்கிக் கரும்பச்சையில் முடியும் ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு நம்பர். நெல் இலையை அதன்மேல் வைத்து எந்த நம்பருக்கு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். எதற்காகப் பார்க்க வேண்டும் என்று விளக்கத்தான் வேளாண் அலுவலர் வந்திருந்தார். இளம் பெண், பையில் படம் போட்ட காகிதமெல்லாம் கொண்டுவந்திருந்தார். அவருக்கு முன்னால் "ரெண்டே வார்த்தை" பேசுவதாகத் தலைவர் மைக்கைப் பிடித்தார். அந்த இரண்டு வார்த்தை முடிவதற்குள் அலுவலரின் கடைசி பஸ் புறப்படும் நேரம் வந்துவிட்டது. அந்தப் பெண் அட்டைகளை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினார்.

ஆக, ஊருக்கு மிஞ்சிய விளக்கம் தலைவருடையதுதான்.

"நம்ம ஊர்க்காரன் எவனும் பள்ளிக்கூடத்துல முதல் மார்க் வாங்கினதில்ல. இப்ப அரசாங்கமே அட்டை குடுத்து, வாங்குடான்னு சொல்லுது. இனிமே இந்த ஊர்ல ஒரு வயலும் அஞ்சுக்குக் கீழ இருக்கக் கூடாது."

கைதட்டல் பலமாக இருந்தது. அது மார்க் அட்டை இல்லை என்பது தெரிந்த ஒரே ஆள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

அஞ்சு வாங்குவது கஷ்டமும் இல்லை; யூரியாவைக் கொட்டினால் இலை தானாகக் கறுத்துவிடும். அரசாங்கம் மற்ற உரங்களுக்கு மானியத்தைக் கிள்ளிக் கொடுத்தது. யூரியாவுக்கு அள்ளிக் கொடுத்தது. யூரியா உப்பைவிட மலிவாகக் கிடைத்தது. அதிலும் ஒரு நிபந்தனை: இந்தப் பருவத்தில் உன் பங்கு மூட்டையை நீ எடுக்காவிட்டால், அடுத்த பருவத்தில் உன் பங்கு குறையும். தட்டில் மிச்சம் வைத்தால் நாளைக்குச் சோறு கிடையாது என்று மிரட்டினால் பிள்ளை எப்படி அள்ளிப் போட்டுக்கொள்ளுமோ, அப்படி அள்ளினார்கள். மேட்டு நிலத்தில் உளுந்தும் எள்ளும் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட ஆழ்துளைக் கிணறு தோண்டி நெல்லுக்கு மாறினார்கள். உளுந்துக்கு மூட்டை ஒதுக்கீடு இல்லை. மூட்டையை விட்டுவிட மனசு வரவில்லை. ஊரில் யூரியா சாக்குதான் குளியலறைக்குத் திரை, சைக்கிளுக்கு சீட் உறை, மழைக்குக் குடை. பயிர் கருகருவென்று நின்றது. இரண்டு பேர் சந்தித்தால் "சௌக்கியமா" என்பதற்குப் பதில் "என்ன நம்பர்" என்று கேட்டுக்கொண்டார்கள்.

தலைவருக்கு ஒரு தங்கை. ஊர் அவளைத் தலைவர் தங்கச்சி என்றே கூப்பிட்டது. அண்ணனுடைய நிலத்தைத்தான் அவளும் கணவனும் குத்தகைக்கு உழுதார்கள். அதைத் தவிர அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. அவள் கணவனுக்கு ஊர் வைத்த பெயர் 'சரி'. யார் என்ன சொன்னாலும் சரி என்பான். இரண்டு பேர் எதிரும் புதிருமாகப் பேசினால் இருவரிடமும் சரி சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான்.

தங்கச்சியும் போன பருவம் வரைக்கும் அஞ்சாம் நம்பர்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அப்புறம் ஒருநாள் தண்ணீர் பரிசோதிக்கிறவர்கள் வந்து அவள் வாசல் கிணற்றில் ஒரு பாட்டில் மொண்டுகொண்டு போனார்கள். மறுவாரம் வந்து கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் 'குடிக்கக் கூடாது' என்று எழுதினார்கள். எழுத்து அழகாக இருந்தது.

"அழிச்சுடலாமா?" என்றான் சரி.

"எழுத்தை அழிச்சா தண்ணி சரியாயிடுமா?"

"சரி."

அன்று முதல் கடையில் கேன் தண்ணீர் வாங்க வேண்டியதாயிற்று. கேனைச் சுமந்துகொண்டு கிணற்றைத் தாண்டித்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். தினம் அதைத் தாண்டும்போது கிணறு தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல அவளுக்கு இருந்தது. வாசலில் கிணற்றை வைத்துக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடிப்பது அவளுடைய சுபாவத்துக்கு ஒத்துவரவில்லை. யாரைக் கேட்பது என்று யோசித்தாள். அண்ணனைக் கேட்டால் கிணற்றுக்கு ரிப்பன் கட்டுவார். பஸ் ஏறி வேளாண் அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் மேலதிகாரியின் அறைக்குள். வெளியே பீரோக்களுக்கு நடுவில் அந்த இளம் அலுவலர் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே கரும்பச்சை வயலின் படம் போட்ட காலண்டர்.

"கிணத்துல எப்படிம்மா கெட்டுப்போச்சு? நாங்க அதுல எதையும் கொட்டலையே."

"வயல்ல கொட்டினீங்கல்ல. பயிர் குடிச்சது போக மிச்சம் மண்ணுக்குள்ள இறங்கும். மழை வந்தா ஏரிக்குப் போகும். மூட்டை எத்தனை போடறீங்க?"

சொன்னாள். அலுவலர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏங்க்கா அவ்வளவு?"

"அஞ்சு வரணும்ல."

"அக்கா, அது மார்க் இல்ல." அலுவலர் குரலைத் தணித்துக்கொண்டார். "உடம்புல சுரம் பாக்கிற மாதிரி அது. இலை மூணுக்குக் கீழ வெளுத்தா கொஞ்சம் போடணும். மூணு இருந்தா சும்மா இருக்கணும். அஞ்சுன்னா, சுரம் அஞ்சுன்னு அர்த்தம்."

தங்கச்சிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஊரே சுரத்தில் முதல் மார்க் வாங்கியிருக்கிறது.

"இதை ஏன் அப்பவே வந்து சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன், உங்க தலைவர் பேசிட்டார். அப்புறம் திருத்திச் சொல்லலாம்னு கிளம்பினேன். அதுக்குள்ள, ஒதுக்கீடு முழுசையும் வித்த ஆபீஸ்னு இவருக்குப் பாராட்டு வந்துடுச்சு." மின்விசிறி இருந்த அறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். "இப்ப எதுக்கும்மா விவசாயியைக் குழப்பறேன்னார்."

வீட்டுக்குத் திரும்பியபோது அந்தப் பருவத்துக்கான அவள் பங்கு மூட்டைகள் கூடத்தில் அடுக்கப்பட்டிருந்தன. அண்ணனே ஆள் வைத்து இறக்கியிருந்தார். நிலம் அவர் பெயரில் இருந்ததால் மூட்டை விற்கும் மெஷினில் கைரேகையும் அவரே வைத்துவிட்டிருந்தார். அவள் மூட்டைகளைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு பாயும் தலையணையும் எடுத்துவந்து மேலே விரித்தாள்.

"இதென்ன?" என்றான் சரி.

"கட்டில். இனிமே நான் இங்கதான் படுப்பேன். என்னைக் கீழ தள்ளிட்டுதான் ஒரு மூட்டையை எவனும் வயலுக்குத் தூக்கணும்."

"மச்சான் கேட்டா?"

"தங்கச்சி தூங்கறான்னு சொல்லு."

"சரி."

நாற்று நட்டு வேர் பிடித்தது. அவள் அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் நடந்தாள். மூணுக்குக் கீழே வெளுத்த இடத்தில் மட்டும், கட்டிலின் ஒரு மூட்டையைப் பிரித்து, சாப்பாட்டுக்கு உப்புப் போடுவதுபோலப் போட்டாள். சுற்றிலும் கரும்பச்சை, நடுவில் அவள் வயல் மட்டும் சட்டையில் போட்ட ஒட்டுபோலத் தெரிந்தது. போகிறவன் வருகிறவனெல்லாம் வண்டியை நிறுத்தி விசாரித்தான். ஏன் வயலுக்குப் பட்டினி, வீட்டில் ஏதாவது சண்டையா என்று ஒருவர் சரியிடம் கேட்டார். சரி, "சரி" என்றான்.

கடைசியில் தலைவரே வரப்புக்கு வந்தார். வரப்பு சின்னதாக இருந்ததால் அவருடைய செயலாளர் பின்னால் வாய்க்காலில் நடந்துவந்தார்.

"என்னம்மா இது, காமாலை வந்த மாதிரி நிக்குது?"

"மூணு இருக்குண்ணே. அது போதும். அந்த அட்டையே மார்க் இல்லையாம், ஆபீஸ்ல கேட்டேன்."

"நான் மைக்கில மார்க்னு சொல்லியிருக்கேன்."

"அதுக்காக?"

"அதுக்காக மார்க்தான்." தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "மேல இருந்து பசுமைப் போட்டி அறிவிச்சிருக்காங்க. பறக்கிற கேமரா வந்து படம் எடுக்கப் போகுது. எந்த நிலம் அதிகப் பச்சையோ அதுக்கு முதல் பரிசு, கேடயம், அடுத்த பருவத்துக்குக் கூடுதல் மூட்டை. பரிசு வாங்கின வயலைப் பார்க்க வேளாண்மை டைரக்டரே வர்றார். இந்த நேரத்துல தலைவர் வீட்டு வயல் மூணு. நான் மேடையில எப்படி நிப்பேன்?"

"எப்பவும் போலத்தான். மைக்கைப் பிடிச்சுக்கிட்டு."

செயலாளர் வாய்க்காலில் குனிந்து எதையோ தேடினார்.

"விளையாடாதே. கேமரா வர்றதுக்குள்ள கட்டிலைப் பிரிச்சு வயல்ல கொட்டு. இல்லேன்னா அறுப்பு முடிஞ்ச கையோட நிலத்தை வேற ஆளுக்கு விட்டுடுவேன். தங்கச்சின்னு பாக்க மாட்டேன்."

"சரி மச்சான்" என்றான் சரி, பழக்கத்தில்.

அவள் கொட்டவில்லை. சரி இரண்டு நாள் மாட்டுத் தொழுவத்திலேயே இருந்தான். மூன்றாம் நாள் உள்ளே வந்து, "நிலம் போச்சுன்னா என்ன பண்ணுவோம்?" என்று கேட்டான். கல்யாணமான நாளாய் அவன் பதிலுக்காகக் காத்து நின்ற முதல் கேள்வி அதுதான்.

"தெரியலை. ஆனா கொட்ட மாட்டேன்."

அவன் மூட்டையின் ஓரத்தில் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

கேமரா வந்தது, ஊரின்மேல் வண்டுபோல ரீங்காரமிட்டது, போனது. பதினைந்து நாள் கழித்துச் சங்க மண்டபத்தில் விழா. தலைவருக்காகப் புது மைக். வேளாண் அலுவலர் கையில் கம்ப்யூட்டர் கொடுத்த முடிவு. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மிகவும் கஷ்டப்பட்டுத்தான் அதை அப்படி வைத்திருக்கிறார் என்று தங்கச்சிக்குத் தோன்றியது.

"முதல் இடம், நில எண் நூத்திப் பதினேழு."

"யாருய்யா அது? எழுந்து மேடைக்கு வாங்க" என்றார் தலைவர். யாரும் எழவில்லை. "கூச்சப்படாதீங்க. நம்ம ஊர் மானத்தைக் காப்பாத்தின ஆள், வாங்க."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மதகுக்காரர், ஏரி மதகைத் திறந்து மூடுகிறவர், தயங்கித் தயங்கி எழுந்தார்.

"நீதானாய்யா அது?"

"நான் இல்ல தலைவரே. அது ஏரி."

"எந்த ஏரி?"

"நமக்கு எத்தனை ஏரி இருக்கு?"

ஊர் வயல்களின் வடிகால் எல்லாம் அந்த ஏரிக்குத்தான் போகும். இரண்டு வருஷமாக அதில் தண்ணீர் கண்ணில் பட்டதில்லை. கரையிலிருந்து கரை வரைக்கும் பாசி, கனமாக, கம்பளம் விரித்ததுபோல. எருமைகள் கறுப்பாக இறங்கிப் பச்சையாக ஏறின. மீன் பிடித்தவர்கள் வலையை விற்றுவிட்டு டவுனில் வேலை தேடிக்கொண்டார்கள். மேலே இருந்து பார்த்த கேமராவுக்கு வயலென்ன, ஏரியென்ன? அஞ்சாம் நம்பரைத் தாண்டி, அட்டையில் கட்டமே போடாத ஒரு பச்சை அங்கே இருந்தது.

தலைவர் தடுமாறினார் என்று சொன்னால் அவரைத் தெரியாது என்று அர்த்தம்.

"பாத்தீங்களா" என்றார். "நம்ம ஊர்ல ஏரிகூட அஞ்சு."

கேடயத்தை ஏரியின் சார்பில் அவரே வாங்கிக்கொண்டார். கைதட்டினார்கள். கை தட்டி முடித்தபிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று சிலர் பக்கத்தில் கேட்டார்கள்.

தங்கச்சி எழுந்தாள். "அண்ணே, ஒண்ணு கேக்கணும். ஏரி எத்தனை மூட்டை எடுத்துச்சு?"

"ஏரி எப்படிம்மா எடுக்கும்?"

"மெஷின்ல ரேகை வைக்கலை, மூட்டை எடுக்கலை. அப்புறம் யார் போட்ட உரத்துல அதுக்கு முதல் பரிசு?"

முன்வரிசையில் ஒருவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "நம்ம மூட்டைதான்" என்று மதகுக்காரர் மெல்லச் சொன்னார்.

"அதேதான். பயிர் குடிச்சது பாதி, ஏரி குடிச்சது மீதி. என் கிணறும் குடிச்சிருக்கு. சிவப்பு எழுத்து இன்னும் யார் யார் வீட்ல இருக்குன்னு கைதூக்குங்க."

ஒரு கை. இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை.

"கேள்வி நேரம் முடிஞ்சுது" என்றார் தலைவர். கேள்வி நேரம் என்று ஒன்று அதுவரை அந்த மண்டபத்தில் இருந்ததே இல்லை. வெளியே வந்ததும் தங்கையைத் தனியே கூப்பிட்டார். போட்டியில் கடைசி இடம் அவளுடைய வயல்தான். "அறுப்போட நிறுத்திக்க. சொன்னது சொன்னதுதான்."

"வாயால சொன்னீங்க" என்றாள் அவள். "மைக்கில சொல்லலை."

அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால், கதிர் முற்றி வரும் நேரத்தில் ஒரு மழை. பெரிய மழை என்று சொல்ல முடியாது. காற்று மட்டும் கொஞ்சம் கோபமாக இருந்தது. அஞ்சாம் நம்பர் பயிருக்கு உயரமும் கொழுப்பும் இருந்ததே தவிர, தண்டில் தெம்பு இல்லை. ஊர் வயல் முழுதும் கதிரோடு சாய்ந்து சேற்றில் படுத்தது. ஆள் நடந்துபோன பாய் மாதிரி கிடந்தது. தங்கச்சி வயலிலும் மூலையில் கொஞ்சம் சாய்ந்தது. மற்றது நின்றது. அவள் பெருமைப்படவில்லை, அண்டை வயல்காரர்களின் முகத்தைப் பார்த்தபிறகு யாருக்கும் பெருமை வராது.

அந்த வாரம்தான் டைரக்டர் வருவதாகச் செய்தி. முதல் பரிசு வாங்கிய வயலில் நின்று அவர் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தலைவர் தங்கை வீட்டுக்கு வந்தார். செயலாளர் இல்லாமல் வந்ததிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. கூடத்தில் உட்கார வேறு இடமில்லாததால் யூரியாக் கட்டிலிலேயே உட்கார்ந்தார். மழை ஈரத்தில் மூட்டைகள் இறுகிக் கல்லாகியிருந்தன.

"உன் வயலைக் கொஞ்சம் காட்டணும்மா."

"அது காமாலை வயலாச்சே."

"நிக்குதே."

"ஏரியைக் காட்டுங்களேன். அதுவும் சாயலை."

தலைவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. களைத்துப்போயிருந்தார். அவருடைய சொந்த வயலும் படுத்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியும்.

"என்னதான் வேணும் உனக்கு?"

"நிலம் எங்ககிட்ட இருக்கணும். அதுல எவ்வளவு போடறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். மூட்டையை நீங்க ரேகை வச்சு இறக்கக் கூடாது. இதை டைரக்டர் முன்னால சொல்லணும்."

"சொல்றேன்."

"மைக்கில."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். அவளை அன்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வயல்ல எதுக்கும்மா மைக்கு?"

"நீங்க எங்கண்ணே மைக் இல்லாம போயிருக்கீங்க?"

டைரக்டர் வந்தார். வரப்பில் நாற்காலி போட இடமில்லாமல் வாய்க்காலில் பலகை போட்டு அதன்மேல் போட்டார்கள். அவர் கதிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன நம்பர்?" என்றார்.

"மூணு" என்றாள் தங்கச்சி. "மூணைத் தாண்ட விடலை."

டைரக்டர் புருவத்தைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் நின்ற மேலதிகாரி தலைவரைப் பார்த்தார். இளம் அலுவலர் வானத்தைப் பார்த்தார். தலைவர் மைக்கைத் தட்டினார்.

"ரெண்டே வார்த்தை" என்றார். "அஞ்சு போட்டா என்ன ஆகும், மூணு போட்டா என்ன ஆகும்னு இந்த ஊரே பாத்துத் தெரிஞ்சுக்கணும்னுதான், நான் ஊரை அஞ்சு போடச் சொல்லிட்டு, என் சொந்த நிலத்துல என் தங்கச்சியை விட்டு மூணு போட வச்சேன்."

கைதட்டல். சரி தன் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணால் பொறு என்றாள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இந்த நிலத்தை என் தங்கச்சிதான் இனியும் உழுவா. என்ன போடணும், எவ்வளவு போடணும்கிறது அவ முடிவு."

கல்லில் வெட்டியாயிற்று. அதற்குப் பிறகு அவர் பேசிய நெடுநேரத்தில் அவள் ஒரு வார்த்தையையும் கேட்கவில்லை. பெருமை அவருக்கே இருந்துவிட்டுப் போகட்டும். அதை வைத்துக்கொண்டு நாற்று நட முடியாது.

மறுநாள் காலையில் வண்டி பிடித்தாள். கல்லாகிப்போன மூட்டைகளைச் சரியும் அவளும் ஏற்றிச் சங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். மெஷின் வைத்திருந்த விற்பனையாளர் தலையைச் சொறிந்தார்.

"திருப்பி எடுக்க முடியாதுக்கா."

"ஏன்?"

"இதுல குடுக்கிறதுக்குத்தான் பட்டன் இருக்கு. வாங்கிக்கிறதுக்குப் பட்டன் இல்ல. அது மட்டுமில்ல, நீங்க போடலைன்னு தெரிஞ்சா அடுத்த தடவை உங்க பங்கு குறைஞ்சுடும்."

"குறையட்டும். பட்டன் எப்ப வரும்?"

"மேல எழுதிக் கேக்கணும். வருமோ வராதோ."

"எழுது. அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும். என் வீட்டுக்குத் திரும்பாது."

வண்டிக்காரரும் சரியும் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கித் தலைவர் அறையின் வாசலில் அடுக்கினார்கள். வழி அடைபட்டது. ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டால் நுழையலாம். சற்று நேரத்தில் தலைவர் வந்தார், மூட்டைகளைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பினார்.

"இப்படியே இருக்குமா?" என்றான் சரி, திரும்பும் வழியில்.

"பட்டன் வர்ற வரைக்கும் இருக்கும்."

"கிணறு?"

"அது தெளிய வருஷக்கணக்காகும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஊர்ல நாலு பேராவது மூணுக்கு வந்தாத்தான்."

அவன் சரி என்று சொல்லவில்லை. "பக்கத்து வயல்காரனை நான் பாக்கறேன்" என்றான். "அவன் என் பேச்சைக் கேப்பான். நான் இதுவரைக்கும் அவன்கிட்ட எதுவும் பேசினதில்ல."

கடையில் கேன் தண்ணீர் வாங்கி அவன் தோளில் ஏற்றிக்கொண்டான். வாசல் கிணற்றைத் தாண்டும்போது அவள் நின்றாள். வெயிலில் சிவப்பு எழுத்து மங்கத் தொடங்கியிருந்தது. அது மங்கினால் ஊர் மறந்துவிடும். உள்ளே போய்ப் பெயின்ட்டும் பிரஷ்ஷும் எடுத்துவந்து, அதே எழுத்தின்மேல் அழுத்தமாக இன்னொரு தரம் எழுதினாள்.